வாய்க்காலை வெட்டியவர் யார்?



பள்ளி ஆண்டு விழாக்களிலும் இலக்கிய மன்றக் கூட்டங்களிலும் அலுக்காமல் நடந்துவரும் பட்டிமன்றத் தலைப்பு ஒன்று உண்டு. உங்கள் பாட்டனார் காலத்தில் அது, 'சினிமாவால் சமுதாயத்திற்கு விளைவது நன்மையா, தீமையா?' என்று இருந்தது. உங்கள் தந்தையார் காலத்தில் சினிமாவின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. இன்று அங்கே கைபேசி அமர்ந்திருக்கிறது. ஓர் அணி அதைப் புகழும். மற்றோர் அணி அதைத் தூற்றும். கடைசியில் நடுவர் எழுந்து, 'நன்மையும் தீமையும் கலந்ததே' என்று தீர்ப்பளிப்பார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தத் தலைப்பையே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்கிறீர்களா? இரு அணியினரும் பேசும் வாக்கியங்களைக் கவனியுங்கள். 'கைபேசி மாணவர்களைக் கெடுக்கிறது' என்பார் ஒருவர். 'கைபேசி மனிதர்களை இணைக்கிறது' என்பார் மற்றவர். உங்கள் தமிழாசிரியரிடம் கேட்டால் சொல்லுவார்: இரண்டு வாக்கியங்களிலும் கைபேசிதான் எழுவாய், மனிதன் வெறும் செயப்படுபொருள். ஏதோ வானத்திலிருந்து விழுந்த ஒரு கருவி தானாகவே நம்மை ஆட்டிவைக்கிறது என்ற நம்பிக்கை இருவர் பேச்சிலும் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? அதைத்தான் இங்கே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஊடகமே பெரிது என்றவர்கள்

செய்தியைக் கொண்டுசெல்லும் சாதனம் சமுதாயத்தின் உருவத்தையே மாற்றக்கூடியது என்று ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் முக்கியமானவர் ஹெரால்ட் இன்னிஸ். கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 1950இலும் 1951இலும் வெளிவந்த தம் இரு நூல்களில் அவர் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஒரு சமுதாயம் எதன்மேல் எழுதுகிறது? கல்லிலும் களிமண்ணிலும் எழுதினால் எழுத்து நெடுங்காலம் நிலைக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போக முடியாது. நாணல் தாளிலும் காகிதத்திலும் எழுதினால் எளிதில் தொலைதூரம் அனுப்பலாம். ஆனால் விரைவில் அழியும். முதல் வகை காலத்தை வெல்லும். இரண்டாம் வகை தூரத்தை வெல்லும். பரந்த பேரரசுகளை ஆள்வதற்கு இரண்டாம் வகை உதவியது என்பது அவர் முடிவு.

நம் ஊர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டையும், வீட்டுப் பரணில் கிடந்த ஓலைச் சுவடியையும் நினைத்துக்கொண்டால் இன்னிஸ் சொல்வது நமக்கு உடனே விளங்கும். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓலையோ ஊர்விட்டு ஊர் போகும். ஆனால் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுக்காவிட்டால் செல்லரித்துப் போகும்.

இன்னிஸ் வழிவந்தவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் மக்லூஹன். 1964இல் வெளியான அவருடைய நூல் உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஊடகத்தின் வழியே என்ன செய்தி வருகிறது என்பதைவிட, அந்த ஊடகம் வந்ததே பெரிய செய்தி என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு அவர் காட்டிய உதாரணம் என்னைப் போன்ற இயற்பியல்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும்: மின்விளக்கு! விளக்கு எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. ஆனால் அது வந்த பிறகு இரவு பகலாயிற்று. ஆலைகளில் இரவு முறை வேலை வந்தது; மாலை மங்கிய பிறகும் விளையாட்டு நடந்தது. செய்தியே இல்லாத ஒரு சாதனம் வாழ்க்கையை மாற்றிவிட்டது அல்லவா?

இந்தக் கருத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தந்தியின் கதையைப் பார்த்தால் அந்த உண்மை தெரியும்.

தந்தியும் சென்னை நேரமும்

1844ஆம் ஆண்டு மே 24 அன்று அமெரிக்காவில் மோர்ஸ் தம் தந்திப் பாதையைத் தொடங்கிவைத்தார். வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் கம்பி. அதற்குமுன் முரசொலி, தீப்பந்தம், கைகாட்டிக் கோபுரம் போன்ற சில வழிகளைத் தவிர்த்தால், ஒரு செய்தி அதைச் சுமந்து செல்லும் மனிதனையோ குதிரையையோ கப்பலையோ விட வேகமாகப் போக முடியாது. தந்திதான் செய்தியைப் போக்குவரத்திலிருந்து பிரித்தது என்று 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஜேம்ஸ் கேரி என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார்.

அதன் விளைவுகளில் ஒன்று கடிகாரத்தில் தெரிந்தது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் 4 நிமிடம் மாறும். சென்னையும் பம்பாயும் ஏறக்குறைய 7½ பாகை விலகியிருப்பதால் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் 30 நிமிட வித்தியாசம் இருந்தது. கல்கத்தாவின் கடிகாரமோ சென்னையைவிட 32 நிமிடம் முன்னே ஓடியது. மாட்டுவண்டிக் காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. ரயிலும் தந்தியும் வந்தபின் தொல்லை தொடங்கியது. இரண்டு பெருநகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்ததாலும், வானாய்வகம் இருந்ததாலும், இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே தங்கள் பொது நேரமாக வைத்துக்கொண்டன. ஊரின் உச்சிப்பொழுதை ஊர்ச் சூரியன் தீர்மானித்த காலம் போய், எங்கோ இருந்து கம்பி வழியாக வந்த ஒரு துடிப்பு தீர்மானிக்கும் காலம் பிறந்தது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது.

மக்லூஹன் இதைக் கண்டால், 'பார்த்தீர்களா? தந்தியில் என்ன எழுதினார்கள் என்பதா முக்கியம்? தந்தியே நேரத்தை மாற்றிவிட்டது!' என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பம்பாய் நகரம் புதிய நேரத்தை ஏற்க மறுத்தது. 39 நிமிடம் பின்தங்கிய தன் சொந்த நேரத்தை அந்நகரம் முற்றிலும் கைவிட்டது 1955இல்தான்! கல்கத்தா 1948 வரை தன் நேரத்தை விடவில்லை. தந்திக் கம்பி பம்பாய்க்கும் வந்திருந்தது; மின்சாரம் அங்கும் அதே வேகத்தில்தான் ஓடியது. ஆயினும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அந்நகரம் வேறு முடிவில் நின்றது. கருவி ஒரு வாய்ப்பைத் தந்தது. ஏற்பதும் மறுப்பதும் மனிதர் கையில் இருந்தது.

ஒரே அலை, மூன்று வீடுகள்

வானொலியின் தொடக்க காலம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1920களில் உலகெங்கும் ஒலிபரப்பு தொடங்கியது. எங்கும் அதே மின்காந்த அலை. அதே வெற்றிடக் குழல்கள். அதே மாக்ஸ்வெல் சமன்பாடுகள். ஆனால் பிறந்த வானொலிகளோ வெவ்வேறு.

அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க் நிலையம் ஒன்று, வீடு விற்கும் நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரப் பேச்சை ஒலிபரப்பியது. விளம்பரதாரரின் பணத்தில் வாழும் வானொலி அங்கே வளர்ந்தது. அதே 1922இல் பிரிட்டனில் பி.பி.சி. தோன்றியது. அங்கே விளம்பரம் கிடையாது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் கட்டிய உரிமக் கட்டணத்தில் அது நடந்தது. 1927இல் அது பொது நிறுவனமாயிற்று. நம் சென்னையிலோ 1924இல் ஆர்வலர்கள் கூடி ஒரு வானொலிச் சங்கம் அமைத்து ஒலிபரப்பினர். 1927இல் பணமுடையால் அது நின்றது. பிறகு 1930இல் நகராட்சி மன்றமாகிய சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் நிலையம் வரும்வரை அது தொடர்ந்தது.

வணிகரின் வானொலி, பொது நிறுவனத்தின் வானொலி, நகராட்சியின் வானொலி என்று ஒரே அலைக்கு மூன்று வீடுகள். எந்த வீட்டில் குடியிருப்பது என்று அலையா தீர்மானித்தது? 1974இல் தொலைக்காட்சியைப் பற்றி நூல் எழுதிய பிரிட்டிஷ் அறிஞர் ரேமண்ட் வில்லியம்ஸ் மக்லூஹனை மறுத்தது இந்த இடத்தில்தான். சமுதாயத்தை மாற்றுவது கருவி என்று சொல்லிவிட்டால், அந்தக் கருவியை இப்படி அமைத்தவர் யார், எந்த நோக்கத்துடன் அமைத்தார் என்ற கேள்வி மறைந்துபோகும் என்பது அவர் வாதம்.

ஒரு வயற்காட்டை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். அது புவியீர்ப்பின் வேலை. யாரும் அதை மாற்ற முடியாது. ஆனால் யார் வயலுக்குப் பாயும், கடைமடைக்காரனுக்கு எட்டுமா எட்டாதா என்பதைப் புவியீர்ப்பு சொல்லாது. அது வாய்க்காலை வெட்டியவர் கையிலும் மடையைத் திறப்பவர் கையிலும் இருக்கிறது. பயிர் வாடினால் புவியீர்ப்பைக் குறை சொல்வாருண்டோ?

பேசுபவர் யார்? கேட்பவர் யார்?

வாய்க்கால் எப்படி வெட்டப்படுகிறது என்பதை அறிய நான் ஓர் எளிய சோதனை சொல்லுவேன். எந்த ஊடகத்தைக் கண்டாலும், 'இதில் பேசும் உரிமை யாருக்கு? கேட்க மட்டும் உரிமை யாருக்கு?' என்று கேளுங்கள்.

இயற்கையின் விதிகள் இங்கே ஒரு கட்டுப்பாட்டை விதிக்கத்தான் செய்கின்றன. ஓர் ஊரில் இரு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பினால் ஒன்றோடொன்று மோதி இரண்டும் கெடும். ஆகவே அலைவரிசைகளைப் பங்கிட ஏதேனும் சட்டம் வேண்டும். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது மனிதர் போடும் கணக்கு. அமெரிக்காவில் 1912இல் இயற்றப்பட்ட சட்டம், பொழுதுபோக்காக ஒலிபரப்பும் தனியார்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட பகுதிக்கு ஒதுக்கித் தள்ளியது. சிற்றலைகள் தொலைதூரத்துக்குப் பயன்படமாட்டா என்பது அன்றைய எண்ணம். என்ன நடந்தது தெரியுமா? 1923இல் அந்த ஆர்வலர்கள் சிற்றலையிலேயே அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள்! வானின் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 1924இல் தொடங்கிய சோதனைகளால் நிறுவிய ஆப்பிள்டன், பின்னர் 1947இல் நோபல் பரிசு பெற்றார். ஒதுக்கப்பட்டவர்கள் கையில் கிடைத்ததே பெரும் புதையலாயிற்று. ஒரு சாதனத்தால் என்னென்ன முடியும் என்பதை இயற்கை சொல்லும். சட்டம் போட்டவர்களால் அதை முன்கூட்டியே அறிய முடியவில்லை.

நம் நாட்டிலிருந்தே இன்னோர் உதாரணம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக, 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கம்பி வலையால் ஆன அலைவாங்கியை வைத்து, மின்சாரமே புதிதான ஊர்களிலும் படம் தெரிய வைத்த நம் பொறியாளர்களின் சாதனை மகத்தானது. ஆனால் அங்கே பேசியவர்கள் தொலைவில் இருந்தார்கள். கிராமத்தார் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டில் குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்தில் வேறொரு முயற்சி தொடங்கியது. பீஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையம். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் கிராமங்களுக்கே சென்று, அம்மக்களின் சிக்கல்களை அவர்கள் வாயாலேயே பேசவைத்து நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். கூலியைப் பற்றியும் சாதிக் கொடுமையைப் பற்றியும் அந்தச் சின்னத்திரையில் பேச்சு எழுந்தது. 1984இல் இம்முயற்சி யுனெஸ்கோவின் பரிசைப் பெற்றது. இரண்டு இடங்களிலும் இருந்தது அதே தொலைக்காட்சிப் பெட்டிதான். வாய்க்கால்தான் வேறு.

ஒரு சிறு எண்ணின் வலிமை

இப்போது நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்கு வருவோம். இதில் அலைவாங்கியும் உண்டு, அலைபரப்பியும் உண்டு. எவரும் பேசலாம், எவரும் கேட்கலாம். அப்படியானால் என் கேள்விக்கு இனி வேலையில்லை என்று தோன்றும். உண்மையில் இப்போதுதான் அது மேலும் கூர்மையாகிறது. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசும்போது, எந்தப் பேச்சு உங்கள் திரையின் உச்சியில் வரவேண்டும்? சமூக ஊடகங்களில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு கணினி நிரல். நிரலை எழுதியவர்கள் மனிதர்கள். அந்நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறீர்களோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். 1922இல் நியூயார்க்கில் திறந்த மடையிலிருந்து ஓடிவரும் தண்ணீர்தான் இது.

மடையைச் சற்று மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் குற்றமற்றவர்களைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அடித்த கைகள் மனிதக் கைகளே. அந்தக் குற்றத்தைக் கைபேசியின்மேல் சுமத்திவிட்டுத் தப்ப முடியாது. ஆனால் வதந்தி அவ்வளவு வேகமாகப் பரவும்படி வாய்க்கால் வெட்டப்பட்டிருந்ததும் உண்மை. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. மற்ற நாடுகளில் அப்போது வரம்பு 20. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்குமே 5 ஆயிற்று. ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே பின்னர் கூறியது.

இதன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அணுக்கருப் பிளவில் தொடர்வினை படித்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். ஒவ்வொருவரும் 20 பேருக்கு அனுப்பினால் நான்காம் படியில் 20 × 20 × 20 × 20 = 1,60,000 பேர். 5 பேருக்கு அனுப்பினால் அதே நான்காம் படியில் 625 பேர்தான். வேண்டுமென்றால் ஒருவர் மறுபடியும் மறுபடியும் அனுப்பலாம். ஆனால் அந்த இரண்டாம் முயற்சிக்கு ஆகும் சில நொடிகளில் 'இது மெய்தானா?' என்று நினைக்க இடம் கிடைக்கிறது. இந்த மாற்றத்துக்காகக் கைபேசியின் மின்கலம் மாறவில்லை, அலை மாறவில்லை, கோபுரம் மாறவில்லை. நிரலில் ஓர் எண் மாறியது. அந்த எண்ணை வைத்தவர்களும் மனிதர்கள், மாற்றியவர்களும் மனிதர்கள்.

'அவரவர் மனக்கட்டுப்பாட்டோடு இருந்தால் போதாதா? எதற்கு நிறுவனத்தையும் சட்டத்தையும் இழுக்கிறீர்கள்?' என்று சிலர் கேட்கலாம். மனக்கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல பொறியாளர்கள் சேர்ந்து ஒருவர் கண்ணைத் திரையிலேயே நிறுத்துவதற்கென்று அமைத்த ஒன்றின் முன்னால் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டு, 'நீதான் அடக்கமாக இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. பள்ளி வாசலில் வண்டிகள் தறிகெட்டு ஓடினால் பிள்ளைகளுக்குப் பார்த்துக் கடக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அங்கே வேகத்தடையும் கட்டுகிறோம். இரண்டும் வேண்டும்.

ஊடகம் நம்மை மாற்றும் என்று இன்னிஸும் மக்லூஹனும் சொன்னது சரி. அந்த ஊடகத்தை நாம் மாற்றலாம் என்பதை அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைய பொறியாளர்களும் சட்டம் இயற்றுவோரும் உங்களிலிருந்துதான் வரப்போகிறார்கள். ஆகவே இந்தப் பழக்கம் இப்போதே வரட்டும்.

முடிவாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு வாரம் உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் காதில் விழும் வாக்கியங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'டி.வி. இப்படிச் செய்கிறது', 'கைபேசி அப்படிச் செய்கிறது' என்று தொடங்கும் வாக்கியங்கள் நிறையக் கிடைக்கும். பிறகு ஒவ்வொன்றையும் உண்மையான எழுவாயைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதுங்கள். சிலவற்றில் நிறுவனம் எழுவாயாக வரும். சிலவற்றில் அரசாங்கம் வரும். சிலவற்றில் 'நான்' என்றே எழுத வேண்டியிருக்கும். அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் இலக்கிய மன்றச் செயலாளரிடம் போங்கள். அடுத்த பட்டிமன்றத்துக்குப் புதிய தலைப்பு அதிலிருந்தே கிடைக்கும்.